அமைச்சரிடம் கேட்கும் கேள்வி எங்கே தவறிப்போகிறது?

மலேசியாவின் தோட்டப் பட்டணங்களில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. சாலை உடைந்தாலும், அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் இல்லாவிட்டாலும், தமிழ்ப்பள்ளியின் கூரை ஒழுகினாலும், ஒட்டுக்கடையில் தேநீர் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் "வைபியிடம் சொல்லி நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்வோம்" என்று முடிவு சொல்லிவிடுவார். வைபி என்பது எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். அன்று மாலையே ஒரு மகஜர், அதாவது கோரிக்கை மனு, தயாராகிவிடும். பேரா மாநிலத்தின் தென்பகுதியில், பழைய நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் ஒரு சிற்றூரின் குடியிருப்பாளர் சங்கச் செயலாளராக இருந்த காலத்தில், அத்தகைய மகஜர்கள் பலவற்றை நானே எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை வீணாயின. அதற்கு வைபியையும் அமைச்சரையும் மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கேள்வியைப் பற்றி நாங்கள் கொண்டிருந்த எண்ணமே தவறாக இருந்தது.

மக்களவையின் கேள்விப் பட்டியலை இணையத்தில் ஒருமுறை திறந்து பார்த்தால் இது புரியும். ஒவ்வொரு கேள்வியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: உறுப்பினரின் பெயர், தொகுதி, "கேட்கிறார்" எனப் பொருள்படும் "மிந்தா" என்ற மலாய்ச் சொல், அமைச்சரின் பதவிப் பெயர், அடுத்து "மென்யாத்தாக்கான்" என்னும் சொல். "தெரிவிக்கும்படி" என்பதே அதன் பொருள். "செய்து கொடுக்கும்படி" என்பதன்று. அமைச்சருடைய கடமை, கேட்டதற்குப் பதில் தெரிவிப்பதோடு முடிந்துவிடுகிறது. அப்படித் தெரிவித்தது ஹன்சார்ட் என்னும் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறி, பிறகு எவரும் மறுக்க முடியாத பதிவாகிறது என்பதுதான் கேள்வியால் நமக்குக் கிடைக்கும் பலன். ஆகவே, பிற்பாடு பிடித்துக்கொள்ளத் தக்க ஓர் எண்ணையோ தேதியையோ பொறுப்பாளரையோ வெளியே கொண்டுவராத கேள்வி, எவ்வளவு உரக்கக் கேட்கப்பட்டாலும், நமக்கு உதவுவதில்லை.

நாங்கள் செய்த முதல் தவறும் பெரிய தவறும் ஆளை மாற்றிக் கேட்டதே. செம்பனை லாரிகளால் குழி விழுந்த ஒரு சாலையைப் பற்றிப் பொதுப்பணி அமைச்சரைக் கேட்கச் சொல்லி எழுதினோம். பல வாரங்கள் காத்திருந்த பிறகு வந்த பதில் இரண்டே வரி: குறிப்பிட்ட சாலை தனியார் தோட்டத்துக்குச் சொந்தமானது, அமைச்சின் பொறுப்பில் அது இல்லை. பதிலில் பொய் ஏதுமில்லை. நாங்கள்தான் சாலை யாருடையது என்று பார்க்காமல் விட்டிருந்தோம்.

சாலையைப் பொறுத்தவரை அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓரத்துக் கிலோமீட்டர் கல்லிலோ கைகாட்டிப் பலகையிலோ சாலையின் எண் இருக்கும். எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசின், அதாவது மத்திய அரசின், சாலை. பீடோரிலிருந்து தெலுக் இந்தான் செல்லும் 58ஆம் எண் சாலையைப் போன்றது. அதற்குப் பொதுப்பணி அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். எண்ணுக்கு முன் மாநிலத்துக்குரிய எழுத்து இருந்தால் அது மாநிலச் சாலை: பேராவுக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, பகாங்குக்கு சி, ஜொகூருக்கு ஜே. இரண்டையும் பொதுப்பணி இலாகாவின் ஆட்களே பராமரிப்பதால் ஒன்றுதான் என்று தோன்றும்; ஆனால் மாநிலச் சாலையைப் பற்றிய கேள்வி மாநிலச் சட்டமன்றத்தில் ஆட்சிக்குழு உறுப்பினரிடம் போக வேண்டும். தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளின் உட்சாலைகள் ஊராட்சி மன்றத்தைச் சேர்ந்தவை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போகும் செம்மண் சாலை தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தது.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை மற்ற விவகாரங்களையும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. சுகாதாரம், கல்வி, தொழிலாளர் நலம், குடியுரிமை ஆகியவை கூட்டரசின் கையில். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். கோயில் நிலத்துக்கும் இடுகாட்டுக்கும் மக்களவையில் கேள்வி கேட்பது, நில அலுவலகத்தில் தீர வேண்டியதற்குத் தபால் நிலையத்தில் வரிசை பிடிப்பதைப் போன்றது. குப்பை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை நெகிரி செம்பிலான், ஜொகூர், பகாங், கெடா, மலாக்கா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்கள் ஏற்றுக்கொண்டதால், அங்கே கூட்டரசு அமைச்சரைக் கேட்கலாம். பேரா, சிலாங்கூர், பினாங்கு ஆகியவை ஏற்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர், நெகிரி செம்பிலானின் பகாவில் இருக்கும் தம் மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தார். பகாவுக்குச் சரியாக இருந்த அந்தக் கடிதம் எங்களுக்கு எந்த வகையிலும் பொருந்தவில்லை.

இங்கே சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 222 பேர் அமரும் மக்களவைக்குப் போகிறவரை ஊரே அறிந்திருக்கும். பேராவின் தலைநகர் ஈப்போவில் 59 பேர் கூடும் சட்டமன்றத்தில் நமக்காக யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு இல்லாமலே போய்விட்டன. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே கால்வாய் அடைப்பு, உட்சாலை விளக்கு, பொதுமண்டபம் ஆகியவற்றுக்காக நம் வாக்குக்குக் கட்டுப்பட்டுக் கேள்வி கேட்கக்கூடியவர் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே. அவரைத் தாண்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு ஓடுவது பெருமையாக இருக்கலாம், பயன் தருவதில்லை.

லயங்களில் இன்னும் குடியிருக்கும் தொழிலாளர்களின் குறைகளை எழுதும்போது "அரசாங்கம் கவனிக்க வேண்டும்" என்று பொதுவாக முடித்துவிடுகிறோம். குடிநீரும் மின்சாரமும் தரமான வீடும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் சொல்கிறது. அதை அமலாக்குவது மனிதவள அமைச்சின் கீழுள்ள ஆள்பல இலாகா. எனவே, கடந்த ஓராண்டில் இந்த மாவட்டத்தில் எத்தனை தோட்டங்களின் வீடுகள் பரிசோதிக்கப்பட்டன, எத்தனை நிர்வாகங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மனிதவள அமைச்சரைக் கேட்கலாம். பதில் பூஜ்யமாக இருந்தால் அந்தப் பூஜ்யமே பெரிய செய்தி. ஓய்வுபெற்ற பிறகும் அதே வீட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. அதை இதோடு கலந்து எழுதினால் இரண்டும் கெடும்.

தமிழ்ப்பள்ளியைப் பற்றிக் கேட்குமுன் அது முழு உதவி பெறும் பள்ளியா, பகுதி உதவி பெறும் பள்ளியா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. கட்டடப் பராமரிப்பு பள்ளி வாரியத்தின் பொறுப்பு என்ற பதில் அங்கே ஆயத்தமாகக் காத்திருக்கும்.

அடுத்தது நடையைப் பற்றியது. கிளினிக்குக்காக நாங்கள் எழுதிய முதல் வரைவு ஏறத்தாழ இப்படி இருந்தது: "பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்டு வரும் எங்கள் மக்களின் கண்ணீரைச் சுகாதார அமைச்சர் எப்போது துடைக்கப் போகிறார்?" எழுதியவருக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆனால் கேள்வியில் வாதமும் கருத்தும் குற்றச்சாட்டும் இருக்கக்கூடாது என்பது மன்றத்தின் விதி. அப்படி எழுதினால் செயலகத்தில் வெட்டப்படும், அல்லது "அரசாங்கம் எந்தத் தரப்பையும் புறக்கணிப்பதில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். வைபியின் சேவை மையத்தில் இருந்த ஓர் இளம் உதவியாளர் அதை மாற்றி எழுதிக் கொடுத்தார்: இந்தக் கிளினிக்கிற்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவ அதிகாரிப் பதவிகள் எத்தனை, அவற்றில் இன்று நிரப்பப்பட்டவை எத்தனை, காலியானவை எந்த மாதத்திற்குள் நிரப்பப்படும் என்பவற்றைத் தெரிவிக்கும்படி. கண்ணீர் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் மழுப்பவும் அதில் இடமில்லை. மன்றத்தின் மொழி மலாய் என்பதால், தமிழில் நான்கு பக்க மகஜர் கொடுத்து மொழிபெயர்ப்பைப் பிறர் தலையில் கட்டுவதைவிட, அரைப் பக்கம் மலாயில் நாமே கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வியோடு என்ன இணைக்கப்படுகிறது என்பதையும் பலர் நினைப்பதில்லை. எந்தக் கிலோமீட்டர், எத்தனையாவது விளக்குக் கம்பம், எந்தத் தேதியில் புகார் செய்யப்பட்டது ஆகியவை தேவை. குறிப்பாக, சம்பந்தப்பட்ட இலாகாவில் சிஸ்பா என்னும் அரசாங்கப் புகார் முறைவழி புகார் பதிந்து அதன் எண்ணை வாங்கி வைக்காவிட்டால், "இதுவரை புகார் எதுவும் பெறப்படவில்லை" என்ற பதிலுக்கு நம்மிடம் மறுமொழி இருக்காது. வாய்மொழிக் கேள்வியாக இருந்தால், அமைச்சர் பதிலளித்தவுடன் உறுப்பினர் துணைக்கேள்வி எழுப்பலாம். உண்மையான பிடி அங்கேதான். அமைச்சர் "இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள்" என்று சொன்னால், "அவர்களில் ஒருவர் வேறு கிளினிக்குக்கு அனுப்பப்பட்டு எத்தனை மாதமாகிறது?" என்று அந்த நிமிடமே கேட்க, ஊரிலிருந்து தகவல் முன்கூட்டியே போயிருக்க வேண்டும்.

வாய்மொழிக் கேள்வி மீதுள்ள மோகமும் ஒரு தவறுதான். வைபி எழுந்து நின்று கேட்பதைக் கைப்பேசியில் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் காலை 10 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தில் பட்டியலின் முன்வரிசைக் கேள்விகளே எட்டப்படுகின்றன. மற்றவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வரும். எண்களும் பட்டியல்களும் தேவைப்படும் ஊர் விவகாரங்களுக்குத் தொடக்கத்திலேயே எழுத்து மூலக் கேள்வியாகக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நீதிமன்றத்தில் இருக்கும் வெளியேற்ற வழக்குகளை மன்றத்தில் கேட்கச் சொல்ல வேண்டாம். தீர்ப்புக்கு முன் விவாதிக்க அனுமதியில்லை. குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு அலையும் ஒருவரின் பெயரையும் கோப்பு எண்ணையும் பொதுப் பதிவில் ஏற்றுவதும் தவறு. அவருடைய கோப்பைச் சேவை மையத்தின் வழி அதிகாரியிடம் கொண்டுபோக வேண்டும். மன்றத்தில் கேட்க வேண்டியது, இந்த மாவட்டத்தில் எத்தனை விண்ணப்பங்கள் எத்தனை ஆண்டுகளாக நிலுவையில் உள்ளன என்பதை.

கடைசியாகப் பதிலை வாசிக்கும் விதம். "நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலைக் கண்டு இனிப்பு வழங்கிய ஊர்களை அறிவேன். அதன் பொருள், பணம் இல்லை, வாக்குறுதியும் இல்லை. "2026 முதல் 2030 வரையிலான 13ஆவது மலேசியத் திட்டத்தில் விண்ணப்பிக்கப்படும்" என்றால் இன்னும் விண்ணப்பமே போகவில்லை. ஒரே தவணையில் முழுமையாகப் பதிலளிக்கப்பட்ட கேள்வியை அப்படியே திரும்பக் கேட்க முடியாது என்பதால், அடுத்த கேள்வி பதிலுக்குள்ளிருந்தே எழ வேண்டும்: விண்ணப்பம் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, மதிப்பிட்ட செலவு எவ்வளவு என்று.

எங்கள் கிளினிக் கேள்விக்கு எழுத்து மூலம் பதில் வந்தது. அனுமதிக்கப்பட்ட பதவிகள் 2, நிரப்பப்பட்டது 1, மற்றது ஆண்டு இறுதிக்குள். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோயில் அலுவலக அலமாரியில் வைத்தோம். ஆண்டு முடிந்தும் இரண்டாவது அறை பூட்டியே கிடந்தது. அடுத்த கூட்டத்திற்கு நாங்கள் கொடுத்த கேள்வி, "அமைச்சர் தம் முந்தைய பதிலில் குறிப்பிட்ட அந்த ஒரு பதவி" என்று தொடங்கியது.