ஆக்ஸ்போர்டு விருந்துக் கிளப்புகள்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் மேல்தட்டு வாழ்க்கையைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கப் புதிதாக வருவோரின் படிகளைத் திருத்தும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளே திரும்ப வந்து நிற்கின்றன. பெயர்களை மாற்றி எழுதுவது போன்றவை மெய்ப்புப் பார்க்கும்போதே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பப்ளிக் ஸ்கூலை அரசுப் பள்ளி ஆக்குவது

இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. டேவிட் கேமரூன் பிரதமரான 2010இல், அவர் மாணவப் பருவத்தில் உறுப்பினராக இருந்த, ஆக்ஸ்போர்டு மாணவர்களின் விருந்துக் கிளப்பான புல்லிங்டன் கிளப்பைப் பற்றிய கட்டுரையொன்றை ஓர் இதழுக்காக மொழிபெயர்த்தேன். அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் 'அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள்' என்று எழுதிவிட்டேன். அது அப்படியே அச்சேறியது. கிராமத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், அந்த வரியைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதாக, நீல மையில் அஞ்சலட்டை எழுதி எனக்கு நன்றி சொன்னார். பிழையை ஒப்புக்கொண்டு அவருக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கேமரூன் படித்த ஈட்டன், 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் எழுபது ஏழை மாணவர்களுக்கு இலவசக் கல்வி தரத் தொடங்கிய பள்ளி. வீட்டில் ஆசிரியர் வைத்துப் படிப்பதற்கு மாறாக, எந்த ஊர்ப் பிள்ளையும் கட்டணம் செலுத்திச் சேரலாம் என்ற பொருளில்தான் இத்தகைய பள்ளிகளுக்குப் 'பப்ளிக்' என்ற பெயர் நிலைத்தது. இன்று அங்கே ஆண்டுக் கட்டணம் ஐம்பதாயிரம் பவுண்டுக்கும் மேல். அரசு நடத்துவது 'ஸ்டேட் ஸ்கூல்'. நம் ஊர்த் தனியார் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலேயே 'பப்ளிக் ஸ்கூல்' என்று இருக்கும்போது, இதில் தடுமாற வேண்டியதே இல்லை. சொல்லை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது 'கட்டணத் தனியார் பள்ளி' என்று விளக்கினால் போதும்.

பல்கலைக்கழகமே நடத்துவதாக எழுதுவது

இந்தக் கிளப்புகளை அது நடத்துவதில்லை.

'சங்கம்' என்று பெயர்ப்பது

சங்கத்தில் சந்தா கட்டிச் சேரலாம். இங்கே உள்ளே இருப்பவர்கள் அழைத்தாலன்றி வழியில்லை.

சேதத்தைக் குறும்பு என்பது

1894இல் புல்லிங்டன் உறுப்பினர்கள் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெக்வாட்டர் முற்றத்தில் 468 சன்னல்களை உடைத்தார்கள். 1927இல் அங்கேயே மீண்டும் உடைத்தார்கள். மூலத்தில் விளையாட்டுத்தனமான சொல் இருந்தாலும், எண்ணிக்கையை விடாமல் எழுதுங்கள்.

உடையைச் 'சீருடை' என்பது

கருநீல வால்கோட்டு, வெல்வெட் கழுத்துப்பட்டை, பித்தளைப் பொத்தான்கள், கடுகு நிற உள்சட்டை என ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைக்கப்படும் புல்லிங்டன் உடைக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு செலவாகும். ஏழை, பணக்காரப் பிள்ளை என்ற வேறுபாடு தெரியாதிருக்க நம் பள்ளிகள் அணிவிக்கும் உடையின் பெயரை இதற்குத் தரக்கூடாது. 'கிளப் உடை' என்றே எழுதுங்கள்.