பையைத் தராசில் மாட்டிப் பாருங்கள்: காலேஜுக்குச் சின்ன லேப்டாப் வாங்கும் முறை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகை ஒன்று இருக்கிறது. சித்தி மகன் கோவையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த வாரம், "அண்ணா, ஐ5 வாங்கறதா, ரைசன் வாங்கறதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். பதில் சொல்லாமல் அவனை அந்தக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். என் பழைய கேமிங் லேப்டாப், அதன் சார்ஜர், ரெக்கார்டு நோட்டு இரண்டு, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், குடை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துத் தராசுக் கொக்கியில் மாட்டினோம். ஏழு கிலோவைத் தொட்டது. லேப்டாப் மட்டும் இரண்டரை கிலோ, செங்கல் மாதிரி இருக்கும் சார்ஜர் முக்கால் கிலோ. எடை போடுகிறவர் பையைப் பார்த்து, "இலை ரொம்ப ஈரமா இருக்கே தம்பி, கழிவு பிடிக்கணும்" என்று சிரித்தார்.

இதைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றபடி இறங்குவாயா என்று கேட்டேன். பையன் வாயே திறக்கவில்லை. ஐ5-ஆ ரைசனா என்ற பிராசஸர் (லேப்டாப்பின் மூளை) கேள்வியெல்லாம் அப்புறம். முதலில் எடை.

படி 1: எடையும் அளவும்

லேப்டாப் ஒன்றரை கிலோவுக்குள், சார்ஜரோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குள். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தாண்டுகிற எதையும் பார்க்கவே பார்க்காதீர்கள். திரை 14 அங்குலம் சரியாக இருக்கும். 13 அங்குலத்தில் இரண்டு விண்டோவை அருகருகே வைத்து வேலை செய்வது கொஞ்சம் நெருக்கடி. 15.6 அங்குலம் வகுப்பறைச் சாய்வு மேஜையில் பாதி வெளியே தொங்கும்.

சார்ஜரைக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துப் பாருங்கள். டைப்-சி வழியாக 65 வாட்டில் சார்ஜ் ஆகிற லேப்டாப்பாக இருந்தால் நல்லது. போனுக்கும் அதே சார்ஜர் போதும், வழியில் தொலைந்தாலும் எந்த ஊரிலும் வேறு கிடைக்கும். ஆனால் டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று அர்த்தம் இல்லை. சிலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். கடைக்காரரிடம் ஒரு டைப்-சி லேப்டாப் சார்ஜர் வாங்கிச் சொருகி, திரையின் ஓரத்தில் பேட்டரிப் படத்தில் மின்னல் குறி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: என்ன கேம் என்று எழுதுங்கள்

"கேம் ஓடுமா?" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் "சூப்பரா ஓடும் சார்" என்றுதான் சொல்வார். கேமின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 போன்றவை என்றால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் (திரையில் படம் வரையும் பகுதி) போதும். செட்டிங்கைக் குறைத்து வைத்து நிம்மதியாக ஆடலாம். புதிதாக வரும் பெரிய கேம்களை எல்லா அலங்காரத்தோடும் ஆட வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 4050 மாதிரித் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். தனி கார்டு வந்தால் எடை, சூடு, சார்ஜர் செங்கல் எல்லாம் கூடவே வரும். தனி கார்டும் வேண்டும், ஒன்றரை கிலோவும் வேண்டும் என்றால் அப்படியும் இருக்கிறது, ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ராத்திரி ஆடுகிறவருக்கு அது வீண் செலவு என்பது என் கட்சி. சித்தி மகனும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

படி 3: பிராசஸர் பெயரைப் படிக்கும் விதம்

"ஐ5", "ரைசன் 5" என்பது வெறும் குடும்பப் பெயர் (முன்னது இன்டெல் நிறுவனத்துடையது, பின்னது ஏஎம்டியுடையது). அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் ஆள் யாரென்று தெரியும்.

ரைசன் 7000 வரிசையில் நான்கு இலக்கம் இருக்கும். அதில் மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்கிறது. ரைசன் 5 7520யூ என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2. பெயர் புதுசு, சரக்கு பழசு. அதன் கிராஃபிக்ஸ் ரேடியான் 610எம், கேமுக்கு அது ஒப்பேறாது. ரைசன் 5 7535எச்எஸ் என்றால் ஜென் 3 பிளஸ், ரேடியான் 660எம், நாம் சொன்ன கேம்களுக்குப் போதும். ரைசன் 7 7840எச்எஸ்ஸில் இருக்கும் 780எம் இன்னும் பலசாலி. ஸ்டிக்கரில் எல்லாமே "ரைசன்" என்று ஒரே மாதிரி மின்னும், பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எண்ணைக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யூ என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும், எச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம். ஐ3 என்305 போல எண்ணுக்கு முன்னால் என் என்ற எழுத்து வந்தால் டைப் அடிக்க, படம் பார்க்க மட்டும்தான். கோர் அல்ட்ரா 5 125எச் மாதிரி ஆர்க் கிராஃபிக்ஸ் உள்ளவை கேமுக்கு நன்றாக இருக்கின்றன.

படி 4: ராம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸுக்கென்று சொந்த மெமரி கிடையாது. ராமிலிருந்துதான், அதாவது லேப்டாப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் பொது மெமரியிலிருந்துதான், கடன் வாங்கும். ஒரே குச்சியாக ராம் இருந்தால் ஒற்றைத் தடம்தான். பர்லியாறு பக்கம் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்வது போல டேட்டா ஊரும். இரண்டு குச்சி இருந்தால் இரட்டைத் தடம். அதே பிராசஸர், அதே கேம், ஆனால் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வழுவழுப்பாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப் இன்டெல் 12-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ஒரே குச்சி. பெட்டியில் "ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ்" என்று போட்டிருந்தது. ஆன் செய்து செட்டிங்கில் பார்த்தால் "யூஎச்டி கிராஃபிக்ஸ்" என்று காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அக்கா கொதித்துப்போனார். இன்னொரு 8 ஜிபி குச்சி வாங்கி, அடிமூடியைக் கழற்றிச் சொருகி ஆன் செய்தோம். பெயர் தானாகவே ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிட்டது. ஒற்றைத் தடமாக இருந்தால் அந்தத் தலைமுறை பிராசஸர்கள் தங்கள் பெயரையே சுருக்கிக்கொள்ளும். அக்கா அன்றைக்குத்தான் கடைக்காரரைத் திட்டுவதை நிறுத்தினார்.

கடையில் நீங்களே சோதிக்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. வலது பக்கம் கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்று ஒரு வரி வரும். "1 ஆஃப் 2" என்று இருந்தால் ஒரு குச்சிதான் இருக்கிறது, இன்னொன்று போட இடமும் இருக்கிறது. "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று வந்தால் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது. இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் பலவும் அப்படித்தான். அது குறை இல்லை. ஆனால் கூடுதல் ஸ்லாட்டும் இல்லாவிட்டால் இன்று வாங்குகிற ராம்தான் கடைசிவரை.

ஆகவே 16 ஜிபியாகவே வாங்குங்கள். "இப்போ 8, அடுத்த வருஷம் இன்னொரு 8" என்று முன்பெல்லாம் நானே யோசனை சொல்வேன். 2025 கடைசியில் ராம் விலை எகிறிய பிறகு அந்த யோசனையை நிறுத்திவிட்டேன்.

படி 5: எஸ்எஸ்டி, திரை

ஃபைல்களும் கேம்களும் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி. ஜிடிஏ 5 ஒன்றே நூறு ஜிபிக்கு மேல் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். திரையில் 300 நிட்ஸ் வெளிச்சமாவது இருக்கட்டும், பளபளக்காத மேட் வகையாக இருக்கட்டும். நிற அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளுத்துத் தெரியும். போட்டோ, வீடியோ எடிட்டிங் செய்யாதவர் பொறுத்துக்கொள்ளலாம்.

படி 6: பேட்டரிக் கணக்கு

"நாள் முழுக்க நிற்கும்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் என்ற எண்ணைத் தேடுங்கள். டைப் அடிப்பது, பிடிஎஃப் படிப்பது போன்ற வேலைக்கு இந்த வகை லேப்டாப் ஏழெட்டு வாட் இழுக்கும். பேட்டரி 50 வாட்-ஹவர் என்றால் ஆறு ஏழு மணி நேரம். கேம் ஆடினால் 30 வாட்டுக்கு மேல் போகும், ஒன்றரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலைக் காற்றிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கம்பிமேல் மரம் சாய்ந்தால் கரன்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 50 வாட்-ஹவருக்குக் குறையாமல் பாருங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது ஏறக்குறைய 74 வாட்-ஹவர். வழியில் கொஞ்சம் வீணாகும், இருந்தாலும் லேப்டாப்பை ஒரு தடவை பெரும்பாலும் நிரப்பிவிடும். 45 வாட்டாவது வெளியே தருகிற பவர் பேங்காக இருக்க வேண்டும், போனுக்கான சாதாரண ரகம் லேப்டாப்பை அசைக்காது.

இன்னொன்று. பழைய எஸ்டேட் வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. அங்கே சார்ஜ் போட்டபடி உலோக உடம்பு லேப்டாப்பைத் தொட்டால் கையில் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரியும். லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 7: மலையில் வாங்கி, சமவெளியில் ஓட்டுவது

ஊட்டியிலோ குன்னூரிலோ கடையில் வைத்துப் பார்க்கும்போது எந்த லேப்டாப்பும் ஜில்லென்றுதான் இருக்கும். ஃபேன் சத்தமே கேட்காது. அதே லேப்டாப் ஏப்ரல் மாதம் கோவை ஹாஸ்டல் அறையில் வேறு ஆளாகிவிடும். உள்ளே சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், கேம் திக்கும். அதனால் நம் ஊர்க் குளிரை நம்பி முடிவெடுக்காமல், அந்த மாடலைப் பற்றி யூடியூபில் தேடி, அரை மணி நேரம் கேம் ஓட்டிய பிறகு எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்) எவ்வளவு நிற்கிறது என்று காட்டுகிற வீடியோவைப் பாருங்கள். முதல் ஐந்து நிமிட எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மலையிலும் ஒரு வம்பு உண்டு. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன்மேலேயே லேப்டாப்பை வைப்போம். அடியில் காற்று இழுக்கும் ஓட்டை அடைபட்டுவிடும். ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள், பழைய காலண்டர் அட்டைகூடப் போதும். உயரத்தைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். பல லேப்டாப்புகளின் விவரத் தாளில் 3,048 மீட்டர் உயரம் வரை ஓடும் என்று போட்டிருக்கும். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

படி 8: சர்வீஸ்

வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு, வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்களா என்று பாருங்கள். "ஆன்சைட் வாரண்டி" என்று பெட்டியில் இருக்கும், நம் பின்கோடில் இருக்காது. என் முதல் லேப்டாப்பின் கீல் ஒரு வருஷத்துக்குள் உடைந்தது. கோவைக்கு எடுத்துப்போனேன். பாகம் இல்லை, பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். பத்து நாள் கழித்துப் போனால் இடது கீலுக்குப் பதில் வலது கீல் வந்திருந்தது. பஸ் செலவு, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லீவு. அதற்குப் பிறகு ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் ஆன்சைட் உறுதியாகக் கிடைக்கிற மாடலைத்தான் பார்க்கிறேன்.

படி 9: பழையது வாங்குவதென்றால்

தப்பில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கிற லேப்டாப்பாகப் பாருங்கள். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ. வேலரன்ட் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் அது திறக்காது. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் "பவர்சிஎஃப்ஜி" என்பதை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் "பேட்டரிரிப்போர்ட்" என்பதும் சேர்த்து என்டர் தட்டுங்கள். வருகிற அறிக்கையில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். 50 இருந்த இடத்தில் 30 இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

படி 10: வாங்கியாயிற்று, மலை இறங்கும் நாள்

சித்தி மகன் கடைசியில் வாங்கியது 14 அங்குலம், 1.4 கிலோ, ரைசன் 5 7535எச்எஸ், 16 ஜிபி. கேம்களை இங்கே டவுன்லோடு செய்கிறேன் என்று கிளம்பினான். போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் 2 ஜிபி, கேம் நூறு ஜிபி. ஐம்பது நாள் ஆகும்டா, ஹாஸ்டல் வைஃபையில் போட்டுக்கொள் என்றேன்.

மார்கழி, தை மாதத்தில் விடிகாலை முதல் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைக்குள் லேப்டாப் குளிர்ந்து கிடக்கும். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் வெளியே எடுத்தால், டீக்கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவது போல அதன்மேல் ஈரம் படியும். வெளியே படிவது துடைத்தால் போய்விடும், உள்ளே போர்டில் படிந்தால்தான் ஆபத்து. பையைத் திறக்காமலே அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு, அப்புறம் ஆன் செய்யுங்கள். ஈர ஸ்வெட்டரையும் குடையையும் பையில் லேப்டாப் இருக்கும் அறையில் திணிக்காதீர்கள். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை அங்கே போட்டு வைத்தால் மழைக்காலத்தில் பை பூஞ்சை பிடிக்காமலும் இருக்கும்.