வவுனியா – கிளிநொச்சி மேசைப் பாதை: டிசிசி முகவரிகளை ஒதுக்குவது எப்படி?

டிசிசி (DCC) என்பது மேசையில் ஓட்டும் மாதிரி றெயில்களுக்குத் தண்டவாளத்தின் வழியே டிஜிற்றல் கட்டளை அனுப்பும் முறை. புதிதாக வாங்கிய இரண்டு டிசிசி எஞ்சின்களைப் பெட்டியால் எடுத்து ஒரே தண்டவாளத்தில் வையுங்கள். கொன்ட்ரோலரில் 3ஐ அடித்துக் குமிழைத் திருப்புங்கள். இரண்டும் சேர்ந்தே வெளிக்கிடும். அநேகமாக எந்த டிகோடரும் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையை வாங்கும் சின்னச் சுற்று) தொழிற்சாலையிலிருந்து முகவரி 3 உடன்தான் வரும். நாங்கள் மாற்றும்வரைக்கும் அதுதான் அதன் பெயர்.

டிசிசியில் தண்டவாளத்துக்கு எந்நேரமும் முழுக் கரன்ட் போய்க்கொண்டிருக்கும், அதோடு சேர்ந்து கட்டளையும் போகும். "628, முன்னுக்குப் போ" என்ற கட்டளை பாதையில் நிற்கிற எல்லா டிகோடரின் காதிலும் விழும், ஆனால் 628 மட்டும்தான் அசையும். ஆகவே யாருக்கு எந்த இலக்கம் என்பதை வயர் இழுக்க முதலே தீர்மானித்துவிட வேண்டும். பாதி வேலை முடிந்தபிறகு மாற்ற வெளிக்கிட்டால் மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு டிகோடர் டிகோடராகத் தேட வேண்டி வரும்.

உதாரணத்துக்கு வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று மூன்று நிலையங்களை எடுத்துக்கொள்வோம். இடையில் ஓமந்தை, புளியங்குளம், முறிகண்டி எல்லாம் இருக்கின்றன, மேசையில் இடம் இல்லை. எங்கள் பக்கத்துப் பாதை ஒற்றைப் பாதை என்பதால் ஒரு றெயில் இன்னொன்றுக்கு வழி விடுவது நிலையங்களில்தான். வரைபடமும் சுலபமாகிவிடும்.

1. முதலில் கொப்பி

கொம்பியூட்டரில் பட்டியல் போடுவதில் தவறில்லை, ஆனால் இங்கே கரன்ட் போகிற நேரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுக் கொப்பியில் நான்கு கோடு போட்டால் போதும்: முகவரி, எது, எங்கே இருக்கிறது, எழுதிய திகதி.

அதோடு காலத்தையும் முடிவெடுங்கள். நீங்கள் ஓட்டப்போவது 1990இல் சேவை நிற்பதற்கு முன்னான யாழ்தேவியா, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த பிறகானதா? அதைப் பொறுத்துத்தான் எந்த எஞ்சின்கள், எந்தப் பவர் செற்றுகள் (எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றாகவே ஓடும் றெயில்கள்) உங்கள் பட்டியலில் ஏறும் என்பது தெரியும்.

2. எஞ்சின்: பக்கத்தில் எழுதியிருக்கிற இலக்கமே முகவரி

இதற்கு மேலான முறை ஒன்றை நான் காணவில்லை. எம்2 என்ற டீசல் எஞ்சின் வகையில் 1954இல் கனடா தந்த முதல் எஞ்சின் 'ஒன்ராறியோ', இலக்கம் 569. 'மனிற்றோபா' 591. 'காங்கேசன்துறை' என்று எங்கள் ஊர்ப் பெயர் தாங்கியது 628. எஞ்சினைப் பார்த்தவுடன் கொன்ட்ரோலரில் என்ன அடிப்பது என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெடியனும் கேள்வி கேட்காமல் ஓட்டுவான். வேறு நாட்டு எஞ்சினுக்கு நிறம் பூசி எம்2 ஆக்கியிருந்தாலும் இதே முறைதான். (எங்கள் பாதையின் அகலம் 1676 மி.மீ. அதை மாதிரியின் அளவான 1:87க்குச் சுருக்கினால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும், கடையில் வாங்கும் தண்டவாளமோ 16.5. அளவுகோல் பிடிக்கிற ஆட்கள் மன்னிக்க வேண்டும்.)

டிசிசியில் முகவரி இரண்டு வகை. குறு முகவரி 1 முதல் 127 வரை, டிகோடரின் சி.வி. 1இல் இருக்கும் (சி.வி. என்பது டிகோடருக்குள் ஒரு எண்ணை எழுதி வைக்கும் இலக்கமிட்ட இடம்). நெடு முகவரி 10239 வரை போகும், சி.வி. 17, சி.வி. 18 இரண்டிலும் பிரிந்து இருக்கும். எங்கள் டீசல் எஞ்சின்களுக்கு மூன்று இலக்கம், அதுவும் ஐந்நூறுக்கு மேலே என்பதால் எல்லாம் நெடு முகவரிக்குள் வந்துவிடும்.

இப்போதைய கொமாண்ட் ஸ்டேஷன் (கட்டளைகளைத் தண்டவாளத்துக்கு அனுப்பும் பெட்டி) பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். கையால் எழுத வேண்டி வந்தால் 628க்குச் செய்து பாருங்கள்:

628ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 116.
சி.வி. 17 = 192 + 2 = 194.
சி.வி. 18 = 116.
சி.வி. 29இல் இருக்கிற எண்ணோடு 32ஐக் கூட்டுங்கள். அங்கே 6 இருந்தால் 38 ஆகும்.

இந்த 32தான் டிகோடருக்கு "இனி நெடு முகவரியைப் பார்" என்று சொல்வது. அதைக் கூட்டாமல் விட்டால் 17ஐயும் 18ஐயும் எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் எஞ்சின் பழைய 3க்கே பதில் சொல்லும்.

3. குறு முகவரிகளை வெறுமையாக விடுங்கள்

3ஐ யாருக்கும் கொடுக்க வேண்டாம், புது எஞ்சின் வந்து இறங்கி நிற்கும் இடம் அது. 100 முதல் 127 வரையும் தொட வேண்டாம். சில கொமாண்ட் ஸ்டேஷன்கள் 99க்கு மேலே எல்லாவற்றையும் நெடு முகவரி என்று எடுக்கும், வேறு சில 127 வரைக்கும் குறு என்று எடுக்கும். உங்கள் பெட்டி ரொறன்ரோவில் இருக்கிற மாமா அனுப்பியது, சிநேகிதனுடையது லண்டனிலிருந்து வந்தது என்றால் அங்கேதான் முட்டுப்படும்.

10 முதல் 29 வரையை இரட்டை எஞ்சினுக்கு ஒதுக்குங்கள். இரண்டு எம்2ஐக் கோர்த்து ஒரு சாமான் றெயிலை இழுக்க வேண்டுமானால் இரண்டின் சி.வி. 19இலும் ஒரே எண்ணை, 10 என்று வையுங்கள், எழுதினால் போதும். பின்னுக்குத் திருப்பிக் கோர்த்த எஞ்சினுக்கு 128ஐக் கூட்டி 138 என்று எழுத வேண்டும். பிறகு பிரித்து ஓட்டும்போது சி.வி. 19ஐ மறக்காமல் 0 ஆக்குங்கள். அதில் எண் இருக்கும்வரை எஞ்சின் தன் சொந்த முகவரியில் வரும் வேகக் கட்டளையை எடுக்காது. லைற் எரியும், ஹோர்ன் அடிக்கும், சில்லு அசையாது. மோட்டர் செத்துவிட்டது என்று கூட்டைக் கழற்ற முதல் இதைப் பாருங்கள்.

4. பவர் செற்

மோட்டர் ஒரு முனையில், மற்ற முனையில் லைற்றுக்கு மட்டும் ஒரு சின்ன டிகோடர். இரண்டுக்கும் ஒரே முகவரி கொடுக்கலாம். ஆனால் எழுதும்போது இரண்டு பெட்டியையும் பிரித்துத் தனித்தனியே எழுதுங்கள். சேர்த்து வைத்து வாசித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பும்.

5. பொயின்றும் சிக்னலும்

பொயின்ற் என்றால் றெயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் இடம். பொயின்ற், சிக்னல் முகவரிகள் எஞ்சின் முகவரிகளோடு சேராத தனிக் கணக்கு, 1 முதல் 2044 வரை. பொயின்ற் 628 இருந்தாலும் எஞ்சின் 628 கோபிக்காது. மனிதனுக்குத்தான் தடுமாறும். அதனால் பொயின்றுகளை 500க்குக் கீழேயே வைத்துவிடலாம். தெற்கிலிருந்து வடக்குக்கு:

வவுனியா 101 முதல்
மாங்குளம் 201 முதல்
கிளிநொச்சி 301 முதல்

ஏன் 101, ஏன் 100 இல்லை? பொயின்ற் டிகோடர்களில் பல நான்கு நான்காக முகவரி எடுப்பவை: 1 முதல் 4 வரை ஒன்று, 5 முதல் 8 வரை அடுத்தது. 101, 201, 301 மூன்றுமே ஒரு நான்கின் தொடக்கத்தில் விழும். ஒவ்வொரு நூறிலும் 01 முதல் 40 வரை பொயின்ற், 41 முதல் 80 வரை சிக்னல், 81இலிருந்து கடவைக் கதவு. 41உம் 81உம் அதே மாதிரி நான்கின் தொடக்கங்கள்தான்.

நூறுக்குள்ளும் ஒரு ஒழுங்கு வேண்டும். தெற்கு முனைப் பொயின்றுக்கு ஒற்றை எண், வடக்கு முனைக்கு இரட்டை எண். மாங்குளத்தில் வவுனியாப் பக்கத்தால் உள்ளே வரும் பொயின்ற் 201, கிளிநொச்சிப் பக்கத்தால் வெளியே போவது 202. அடுத்தடுத்த இரண்டு பாதைகளைக் குறுக்கே இணைக்கும் இரண்டு பொயின்றுகளும் எப்போதும் சேர்ந்தே திரும்ப வேண்டியவை, அவற்றுக்கு ஒரே முகவரி போதும். எண்கள் மிஞ்சும், மிஞ்சட்டும். பிறகு ஒரு கிளைப் பாதை போட ஆசை வராமலா போகும்?

201ஐ அழுத்தினால் 205 திரும்புகிறதா? வயரைக் கழற்ற வேண்டாம். சில கொமாண்ட் ஸ்டேஷன்கள் பொயின்ற் முகவரியை நான்கு தள்ளி எண்ணும். பலவற்றில் இதைச் சரிசெய்ய ஒரு அமைப்பு இருக்கும். இல்லாவிட்டால் டிகோடருக்கு முகவரி கற்றுக்கொடுக்கும்போதே அந்த நான்கைக் கணக்கில் எடுங்கள்.

6. எழுதுவது

புரோகிராமிங் தண்டவாளம் என்று ஒரு துண்டைத் தனியே வையுங்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரு எஞ்சின்தான். முகவரியை எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்து, பிரதான பாதையில் ஒரு முழம் ஓட்டி, பிறகு கொப்பியில் பதியுங்கள். எழுதியது குழம்பிப்போனால் பல டிகோடர்களில் சி.வி. 8க்கு 8 என்று எழுதப் பழைய நிலைக்கு, முகவரி 3க்கு, திரும்பும்.

பெரிய கொமாண்ட் ஸ்டேஷன் வாங்கக் காசு இல்லையென்றால் ஆர்டுவினோ மெகா என்ற சின்னக் கொம்பியூட்டர் போர்ட் ஒன்றும் அதன்மேல் பொருத்தும் மோட்டர் ஷீல்ட் ஒன்றும் போதும். டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் அதில் ஓடும். வைஃபை சேர்த்தால் அன்ட்ரொயிட் ஃபோனே கொன்ட்ரோலர். கொம்பியூட்டர் இருக்கிறவர்கள் ஜேஎம்ஆர்ஐ என்ற மென்பொருளில் எஞ்சின் பட்டியலை வைத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம்.

கடைசியாக, சிநேகிதன் தன்னுடைய எஞ்சினோடு வருகிற நாளுக்கும் ஒரு இடம் வையுங்கள். அவனிடமும் ஒரு 'காங்கேசன்துறை' இருந்தால் இரண்டு 628 ஒரே பாதையில் நிற்கும். விருந்தாளிக்கு முன்னால் ஒரு 1 போட்டு 1628 ஆக்கிவிடுங்கள். சி.வி. 17 = 198, சி.வி. 18 = 92. போகும்போது பழையபடி 194, 116 எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.