கொலு பொம்மை சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது, சைதாப்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்த என் அத்தையின் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த இரண்டு தகரப் பெட்டிகளும் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் அவற்றைத் திறந்து பார்த்தோம். காகிதக் கூழில் செய்த செட்டியாரும் செட்டிச்சியும் ஊறிப் புடைத்து, கையில் எடுத்ததும் பிட்டுப் பிட்டாகப் பிரிந்துபோனார்கள். சுடாத மண்ணில் செய்த சிறிய பொம்மைகள் இருந்த இடத்தில் நிறம் கலந்த சேறுதான் இருந்தது. சுட்ட மண்ணாலான தசாவதாரம் மட்டும் வண்ணம் உரிந்தும் உருக்குலையாமல் கிடைத்தது. மச்சம் முதல் கல்கி வரை பத்தும் முழுதாக இருந்தன. மரப்பாச்சி ஜோடியைத் துடைத்து நிழலில் உலர்த்தியதும் அவை பழையபடி ஆகிவிட்டன. எது எதனால் ஆனது என்று முன்பே தெரிந்திருந்தால் கூழ் பொம்மைகளையாவது பரணில் ஏற்றியிருப்பேனே என்று அத்தை சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அந்த ஆதங்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. நவராத்திரிக்கு நவராத்திரி ஒன்றிரண்டாகப் பொம்மை சேர்க்கிறோம். பாட்டியிடமிருந்து வந்தவை, சீராக வந்தவை, திருப்பதிக்குப் போனபோது வாங்கியவை என்று ஒரே பெட்டியில் பல ஊர்களும் பல காலங்களும் கூடிவிடுகின்றன. அவை அனைத்தையும் 'பொம்மை' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கி, ஒரே மாதிரி துடைத்து, ஒரே மாதிரி சுற்றி, ஒரே இடத்தில் அடுக்குவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. பின்னால் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறப்பவையே.

வாங்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் மகாளய அமாவாசை நெருங்கும் நாள்களில் நடந்தால், பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி எனப் பல ஊர்ப் பொம்மைகள் வரிசையாக நிற்கும். மாலை விளக்கொளியில் எல்லாமே பளபளவென்று ஒன்றுபோலத் தெரியும். கூட்டத்தில் நின்று நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் பொம்மையின் முகத்தைப் பார்க்கிறார். அதன் அடியையும் அவர் திருப்பிப் பார்க்க வேண்டும். வண்ணம் பூசாமல் விட்டிருக்கும் அடிப்பகுதி உண்மையைச் சொல்லிவிடும். செங்கல் நிறமாக இருந்து, விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலித்தால் அது நன்கு சுட்ட மண். தட்டும்போது ஓசை அடைத்தாற்போல வந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது என்று கொள்ளலாம். ஈர விரலை வைத்ததும் மண் கருத்து விரலில் ஒட்டினால் அது சுடப்படாதது. மாவு போன்ற வெண்மை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் காட்டும். பெரிய உருவமாக இருந்தும் கையில் எடுத்தால் லேசாக இருந்து, அடியில் தாள் ஒட்டிய தடம் தெரிந்தால் அது பெரும்பாலும் காகிதக் கூழ். இவற்றில் எதையும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காகிதக் கூழில் நல்ல கைவேலை உண்டு. மூன்றடி உயரப் பொம்மையைச் சுட்ட மண்ணில் வாங்கினால் படியில் ஏற்றவே இருவர் வேண்டும். இன்னது என்று தெரிந்து வாங்கினால் போதும்.

செட்டாக வாங்குவதில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தசாவதாரம், அஷ்டலட்சுமி, கல்யாண செட் போன்றவை ஒரே பட்டறையில் ஒரே தடவையில் வார்த்து, ஒரே கலவையில் வண்ணம் தீட்டப்படுபவை. "இப்போது ஏழு இருக்கிறது, மீதி மூன்றை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்" என்று வாங்குபவருக்கு அடுத்த வருடம் கிடைக்கும் வாமனர் பரசுராமரைவிட உயரமாக வந்து நிற்பார். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரரின் நாதஸ்வரம், தவில்காரரின் குச்சி, சமையல்காரரின் கரண்டி போன்ற சிறு துண்டுகள்தான் முதலில் காணாமல் போகும். கடையில் பெட்டி கட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தபின் எண்ணிப் பயனில்லை. அப்படியே, வீட்டுப் படிகளின் அகலத்தையும் இரண்டு படிகளுக்கு இடையிலுள்ள உயரத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மரப்பாச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் ஏமாறுவது அங்கேதான். மரபாகச் செஞ்சந்தன மரத்தில் கடைந்த ஆணும் பெண்ணுமான ஜோடியே மரப்பாச்சி; மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டு, கொலுவின் மேல்படியில் முதல் மரியாதையோடு அமர்வது. செஞ்சந்தனம் ஆந்திரத்தின் தென்பகுதி மலைக்காடுகளில் வளரும் மரம். அதை வெட்டுவதற்கும் விற்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் கடுமையான சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே மிக மலிவாகக் கிடைக்கும் சிவந்த ஜோடி, சாயம் ஏற்றிய வேறு மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அசல் செஞ்சந்தனம் அளவுக்கு மீறிய கனத்தோடு கையில் அமரும்; அதன் செந்நிறம் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை. ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்ததுமே துணி சிவந்துவிட்டால் ஐயம் கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பாட்டியின் மரப்பாச்சியைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள், விமான நிலையத்தில் அது பறிபோகும் வருத்தத்தைத் தவிர்க்க, விதிகளை முன்பே கேட்டறிய வேண்டும். மரப்பாச்சிக்குப் பட்டுத் துண்டைப் பசைபோட்டு ஒட்டி உடுத்துவதும் வேண்டாம். பசை மரத்தில் கறையாகத் தங்கிவிடும். துணியைச் சுற்றி ஊசி நூலால் நாலு தையல் போட்டால், வருடாவருடம் புதுப் புடவை மாற்ற முடியும்.

மற்ற ஊர்ப் பொம்மைகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபல்லிப் பொம்மைகள் தெல்ல பொனிகி என்ற மிக மென்மையான மரத்தில் செய்யப்படுபவை; கை, கால், தலை ஆகியவற்றைத் தனியே செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்ந்த கலவையால் இணைக்கிறார்கள். அதைக் கையைப் பிடித்துத் தூக்கினால் கை மட்டும் நம்மிடம் வரும். கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மையின் பளபளப்பு அரக்கினால் ஆனது. அரக்கு சூட்டில் இளகும், சாராய வகைத் திரவங்களில் கரையும். கிருமிநாசினித் திரவத்தால் துடைத்தால் மினுமினுப்பு அந்தக் கணமே மங்கிவிடும். தஞ்சாவூர் நாட்டியப் பொம்மையின் தலை, உடல், பாவாடை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று கம்பி முனையில் அமர்ந்து ஆடுபவை. அதை அப்படியே நிறுத்திப் பெட்டியில் வைப்பது மிகப் பரவலான தவறு. ஆண்டு முழுவதும் எடை ஒரே முனையில் அழுந்திக் கம்பி வளைந்துவிடும். மறு வருடம் பொம்மை ஆடாமல் சாய்ந்து நிற்கும். பாகங்களைக் கழற்றித் தனித்தனியே சுற்ற வேண்டும்.

கொலு வைத்திருக்கும் ஒன்பது நாள்களில் நேரும் சேதம் பெரும்பாலும் ஆர்வத்தால் நேர்வது. கேழ்வரகோ கடுகோ முளைக்கவைத்துப் பூங்கா அமைக்கிறோம். தட்டில் தினம் தெளிக்கும் நீர் கீழே கசிந்து, பக்கத்தில் நிற்கும் சுடாத மண் பொம்மையின் அடியில் ஏறுகிறது. பொம்மை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். எட்டாம் நாள் தூக்கும்போதுதான் பாதம் தனியே படியில் தங்கும். பூங்காத் தட்டுக்கும் பொம்மைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குங்குமமும் மஞ்சளும் பொம்மையின்மேல் நேரடியாக வைத்தால் அந்தக் கறை போகாது. முன்னால் ஒரு சிறு கிண்ணத்தில் வைக்கலாம். பழைய வீடுகளின் கொலுவில் செல்லுலாய்டு பொம்மைகள் இருக்கும். மெல்லிய, உள்ளீடற்ற, சற்றே மஞ்சள் படிந்த குழந்தை உருவங்கள். செல்லுலாய்டு மிக வேகமாகத் தீப்பற்றக்கூடியது. அது உங்களிடம் இருந்தால் குத்துவிளக்கின் பக்கமோ சூடேறும் பல்பின் பக்கமோ வைக்கவே வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது எடுத்து வைக்கும் நாள்தான். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து கொலுவை முடித்து, மறுநாள் காலையில் அவசர அவசரமாகச் சுற்றிக் கட்டுகிறோம். சரியாக அந்த நாள்களில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கவிருக்கும். காற்றில் ஈரம் ஏறியிருக்கும். அந்த ஈரத்தையும் பொம்மையோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி, அடுத்த புரட்டாசி வரை திறக்காமல் விட்டால், வண்ணத்துக்குக் கீழே பூஞ்சை கரும்புள்ளியாகப் படர்ந்திருக்கும். இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. வெயில் தெளிந்த நாளாகப் பார்த்து, பொம்மைகளை நிழலில் காற்றாட வைத்துவிட்டுச் சுற்றுங்கள். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. புருவமும் கண்ணின் கருவிழியும் துணியோடு வந்துவிடும்.

சுற்றுவதற்குச் செய்தித்தாளை நேரடியாகப் பயன்படுத்துவது இன்றும் தொடர்கிறது. அச்சு மை வெளிர்நிற முகங்களில் ஒட்டும். அதைவிட மோசம், குமிழி பிளாஸ்டிக்கையும் பாலிதீன் பையையும் வண்ணத்தின்மீது படும்படி சுற்றுவது. சென்னையின் மே மாத வெயிலில் பரண் எவ்வளவு சூடாகும் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் வண்ணம் இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு மீனாட்சி கல்யாண பொம்மையில் பெருமாளின் நீல மார்பு முழுக்க வட்ட வட்டமாகக் குமிழித் தடம் பதிந்திருக்கிறது. சுற்றியது நான்தான், அதை இன்றுவரை சரிசெய்ய முடியவில்லை. பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டியோ புடவையோ முதலில். அதற்கு வெளியே செய்தித்தாளோ குமிழி பிளாஸ்டிக்கோ எது வேண்டுமானாலும் இருக்கட்டும். பெட்டியில் கனமானவை கீழே, லேசானவை மேலே. அந்துருண்டையைப் பொம்மையோடு ஒட்டிப் போட வேண்டாம், சிலவகைப் பிளாஸ்டிக்கையும் வண்ணத்தையும் அதன் ஆவி இளக்கும். வசம்பும் நன்கு காய்ந்த வேப்பிலையும் போதும். பச்சை வேப்பிலை போட்டால் அதுவே ஈரத்தைக் கொண்டுவரும். காகிதக் கூழையும் மரத்தையும் கரையானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வருமாதலால், அந்தப் பெட்டிகளை மட்டுமாவது பொங்கல் கழிந்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பழைய பொம்மையைப் புதிதாக்கும் ஆசை மற்றொரு பெருந்தவறு. வண்ணம் மங்கிய பொம்மையை எனாமல் பெயின்ட் அடித்துப் பளபளக்கச் செய்கிறோம். பொம்மை செய்பவர்கள் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். அந்தப் பார்வைதான் அந்தக் கலைஞரின் கையெழுத்து. மேலே எனாமல் ஏறினால் அது மறைந்துவிடும், திரும்ப எடுக்கவும் வராது. உடையில் உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டு நிரப்பி, முகத்தை இருக்கிறபடியே விடுங்கள். கட்டாயம் செய்தே ஆக வேண்டுமென்றால் பொம்மை செய்யும் குடும்பத்தாரிடமே கொடுங்கள்.

இலவசமாக வந்தவற்றை மதிக்காமல் விடுவதையும் சொல்ல வேண்டும். பினாகா பற்பசையோடு ஒருகாலத்தில் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் விலங்குகள் வந்தன. பல வீடுகளில் கொலுப் பூங்காவின் யானையும் மானும் அவைதாம். கடையில் வாங்கியதல்ல என்பதற்காக அவற்றைக் குப்பையில் போட்டவர்கள் இன்று தேடுகிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: பண்டிகைக் காலத்தில் கடைகள் 'இவ்வளவுக்கு வாங்கினால் ஒரு பொம்மை இலவசம்' என்று அறிவிக்கும்போது, அந்தப் பொம்மைக்காகத் தேவையற்றதை வாங்குவது சேகரிப்பு ஆகாது. அதே பணத்துக்கு விளாச்சேரியில் செய்த நல்ல பொம்மை ஒன்றை வாங்கியிருக்கலாம்.

ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் ஆண்டு, ஊர், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத சிறியவற்றுக்கு நூலில் ஓர் அட்டைத் துண்டு கட்டலாம். எதனால் ஆனது என்பதையும் அங்கேயே குறித்தால் பெட்டி பிரிக்கும்போது குழப்பம் இராது. படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறோம் என்பது போதாது. கைப்பேசி மாறும், பொம்மை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

உடைந்த பொம்மை வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லி, விரல் முறிந்ததையும் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள், அல்லது குளத்தில் விடுகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நீரில் எளிதில் கரையாது. அதன் வண்ணமும் நீரைக் கெடுக்கும். ஒட்டக்கூடிய முறிவை மரப்பசையால் ஒட்டி, காயும்வரை நூலால் கட்டி வைக்கலாம். அறவே சிதைந்தது சுட்ட மண்ணாக இருந்தால் உடைத்துத் தொட்டிச் செடியின் அடியில் நீர் வடிவதற்குப் போடலாம். சுடாத மண்ணாக இருந்தால் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு ஒரு வாளி நீரில் ஊறவைத்தால் மறுநாள் வெறும் களிமண்ணாகக் கிடைக்கும்; வீட்டுக் குழந்தைகள் அதில் தங்கள் கையால் ஒரு பொம்மை பிடித்துக் கீழ்ப்படியில் வைப்பார்கள்.