பழைய டிவி கேம் சேகரிப்பு: கொங்கு வீடுகளில் தேடுவது, சோதிப்பது, காப்பது

நம் பக்கத்தில் 'டிவி கேமு' என்று பெயர் வாங்கிய பெட்டி, ஜப்பானில் நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். மீடியா, சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று மேலே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது அதே அமைப்பு, செருகுவது 60 முனை கொண்ட அதே கேசட். நகல்தானே என்று ஒதுக்கிவிட்டு, ஜப்பான் பெட்டிக்கு இணையத்தில் பணத்தைக் கொட்டித் தொடங்குபவர்கள் உண்டு. வேண்டாம். கோவையிலும் ஈரோட்டிலும் தாராபுரத்திலும் பிள்ளைகள் மரியோவும் கான்ட்ராவும் ஆடியது இந்த நகல்களில்தான். இந்த ஊருக்கு அசல் இதுவே. ஜப்பான் பெட்டியைப் பாதுகாக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். இதைப் பாதுகாக்க நாம்தான் இருக்கிறோம்.

ஆகவே முதல் அலமாரி டிவி கேமுக்கு. இரண்டாவது, கையடக்க பிரிக் கேமுக்கு. இடம் இருந்தால் மூன்றாவதாக பிளேஸ்டேஷன் 1, 2. செகா மெகா டிரைவ் 1990களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலை அதிகம் என்பதால் வாங்கிய வீடுகள் குறைவு. கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஆனால் அதைத் தேடியே அலைய வேண்டாம்.

எப்போது, எங்கே தேடுவது

ஆண்டில் சிறந்த காலம் தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, முந்தைய இரண்டு வாரம். காப்புக் கட்டுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும்போதுதான் அட்டாலியில் (பரணில்) கிடப்பதெல்லாம் கீழே இறங்கும். அந்த நாட்களில் பழைய இரும்புக்கடைக்குத் தினமும் ஒரு நடை போங்கள். கடைக்கு வந்த மறுநாளே அடாப்டரை உடைத்துச் செம்பை எடுத்துவிடுவார்கள், ஜாய்ஸ்டிக் ஒயரையும் அறுத்துவிடுவார்கள். வாரக்கடைசியில் போனால் வெறும் கூடுதான் கிடைக்கும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "அண்ணா, டிவி கேமு வந்தா ஒயர அறுக்காம எடுத்து வைங்க, எடைக்கு மேல போட்டுத் தர்றேன்."

சொந்தக்காரர் வீடுகளில் கேட்கும்போது 'கன்சோல்' என்ற சொல் உதவாது. "ஏனுங்க்கா, பசங்க வெளையாடுன டிவி கேமு, கேசட்டு ஏதாச்சும் அட்டாலில கெடக்குதுங்களா?" என்று கேளுங்கள். டிவி கேமோடு வரும் விளையாட்டுத் துப்பாக்கி, அட்டைப்பெட்டி, கையேடு, கடை ரசீது ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு இவற்றைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். உள்ளூர்க் கடை முத்திரையோடு தேதி போட்ட ரசீது கிடைத்தால், பெட்டியை விட அது அரிது.

விலைக்கு ஒரே விதி: ஓடிக் காட்டாத பெட்டிக்குக் கழிவு விலைக்குச் சற்று மேலே மட்டும் கொடுங்கள். 'அரிய பொருள்' என்று விற்கப்படும் 'பல கேம் ஒரே கேசட்' வகை எங்கும் கிடைக்கிறது, அதற்கு அவசரப்படாதீர்கள்.

கரண்ட் கொடுக்கும் முன்

பழைய பெட்டிகள் வீட்டுக்கு வந்த பிறகு சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகிப் பார்ப்பார்கள், பிளஸ் மைனஸ் முனை மாறியிருக்கும், சிப் போய்விடும். ஒரு மல்டிமீட்டர் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்காதீர்கள்.

முதலில் அடாப்டர். மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் தொடுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடு முனை மைனஸ். ஜப்பான் ஃபேமிகாமும் மெகா டிரைவின் முதல் மாடலும் நடு மைனஸ். மெகா டிரைவ் இரண்டாம் மாடல் நடு பிளஸ். நகல் பெட்டிகளில் இரண்டும் உண்டு. 9 வோல்ட் என்று எழுதிய கனமான பழைய அடாப்டர் சுமை இல்லாமல் 12, 13 வோல்ட் காட்டினால் பழுது என்று நினைக்க வேண்டாம், அந்த வகை அப்படித்தான்.

அடுத்தது பெட்டி. அடியில் உள்ள திருகுகளைக் கழற்றுங்கள். பவர் ஜாக் அருகே மூன்று கால், உலோக முதுகுள்ள 7805 என்ற சிப் இருக்கும். உள்ளே வரும் வோல்ட்டை 5-ஆகக் குறைப்பது அதுதான். எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடது கால் உள்வரவு, நடுக்கால் கிரவுண்டு, வலது கால் 5 வோல்ட் வெளியீடு. மீட்டரைப் பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, ஜாக்கின் எந்த முனை நடுக்காலோடு சேர்ந்து ஒலிக்கிறது என்று பாருங்கள். அதுவே மைனஸ். எந்த முனையும் ஒலிக்காமல், அருகில் நான்கு டயோடு இருந்தால் முனை எப்படியிருந்தாலும் கவலையில்லை. 7805-ஏ இல்லாத பெட்டிகளும் உண்டு. பிற்காலத்தில் வந்த மலிவு நகல்கள் சில அடாப்டரிலிருந்தே நேராக 5, 6 வோல்ட் எடுப்பவை. அதில் 9 வோல்ட் கொடுத்தால் முடிந்தது கதை.

இப்போது கேசட்டும் டிவியும் இல்லாமல் 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரைச் செருகி ஆன் செய்து, வலது காலை அளந்து பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருந்தால் சரி. உள்ளே வரும் வோல்ட் அப்படியே வெளியேயும் வந்தால் 7805 உள்ளுக்குள் ஒட்டிவிட்டது. அதை மாற்றாமல் கேசட்டைச் செருகினால் கேசட்டும் சாகும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் போர்டில் எங்கோ ஷார்ட். 12 வோல்ட் அடாப்டரைப் பழக்கமாகப் பயன்படுத்தாதீர்கள்: 9 வோல்ட்டில் 7805 நான்கு வோல்ட்டைச் சூடாக்கிக் கழிக்கிறது, 12-ல் ஏழு வோல்ட்டை. கோடையில் அந்தச் சூடு தாங்காது.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் இன்னொன்று. ஃபேமிகாம், மெகா டிரைவ் போல அடாப்டர் வெளியே இருப்பவற்றுக்கு நம் ஊர் அடாப்டரே போதும். சப்ளை உள்ளே இருக்கும் பழைய பெரிய பிளேஸ்டேஷன் 2 போன்றவை 100 வோல்ட் கேட்கும். 230-ல் நேராகச் செருகினால் அந்த நொடியே வெடிக்கும். நல்ல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

கேசட்

ஊதாதீர்கள். ஊதியதும் ஓடியது என்றால், எடுத்துத் திருப்பிச் செருகியதால் முனை ஒட்டியிருக்கும். எச்சில் ஈரம் பின்னால் பச்சைக் களிம்பாக வரும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, முனைகளின் நீளவாக்கில் துடையுங்கள். குச்சி கறுக்காமல் வரும் வரை மாற்றி மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். சானிடைசரில் கிளிசரினும் தண்ணீரும் இருப்பதால் பிசுக்கு நிற்கும். தின்னர் பிளாஸ்டிக்கை உருக்கும். களிம்பு போகாவிட்டால் மட்டும் வெள்ளை ரப்பரால் இரண்டு மூன்று முறை மெல்லத் தேய்க்கலாம். அதிகம் தேய்த்தால் மேல்பூச்சே போய்விடும்.

திரையைப் பார்த்தே குறை எங்கே என்று ஓரளவு சொல்லலாம். ஃபேமிகாம் கேசட்டின் முனைகளில் ஒரு பாதி நிரலுக்கு, மறு பாதி படத்துக்கு. திரை ஒரே நிறத்தில் உறைந்து நின்றால் நிரல் பாதி ஒட்டவில்லை. பாட்டு சரியாக ஓடி, மரியோ மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தால் படப் பாதி ஒட்டவில்லை. எல்லாக் கேசட்டிலும் ஒரே குறை வந்தால் பெட்டியில் கேசட் செருகும் ஸ்லாட்தான் பெரும்பாலும் காரணம். பழைய ஏடிஎம் அட்டையில் மெல்லிய பருத்தித் துணி சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, ஸ்லாட்டுக்குள் ஏழெட்டு முறை விட்டு எடுங்கள்.

கேசட்டைத் திறந்தால் கறுப்புப் பொட்டு வைத்த போர்டு இருக்கலாம், கால் வைத்த சிப் இருக்கலாம். சிப்பின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழிக்காதீர்கள். அடியில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் வெயில் பட்டு உள்ளே எழுதியிருப்பது அழிந்துவிடும். நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான கேம் பாயின் கேசட்டுகள் சிலவற்றில், ஆட்டம் நின்ற இடத்தைச் சேமித்து வைக்க நாணய பேட்டரி இருக்கும். அதன் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். தகடு ஒட்டி விற்கும் பேட்டரியை, பழையதில் எழுதியிருக்கும் அதே எண்ணில் வாங்குங்கள். பேட்டரியை எடுத்த உடனே பழைய சேமிப்பு போய்விடும் என்பதை அறிந்தே எடுங்கள். கேம் பாய் அசல் கேசட்டுகளைத் திறக்க 3.8 மி.மீ. தனித் திருகு முனை வேண்டும்.

ஜாய்ஸ்டிக்

உள்ளே ஐந்து ஒயர்தான்: 5 வோல்ட், கிரவுண்டு, மீதி மூன்று சமிக்ஞை. எல்லாப் பட்டனும் ஒன்றாகச் செத்திருந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. கூட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி சால்டர் செய்தாலே பாதி சரியாகிவிடும். நிறம் பார்த்து இணைக்காதீர்கள், பெட்டிக்குப் பெட்டி மாறும். வெட்டும் முன் படம் எடுத்து வையுங்கள். ஒரு பட்டன் மட்டும் மந்தம் என்றால் ரப்பரின் அடியிலுள்ள கார்பன் தேய்ந்திருக்கும். முதலில் ஆல்கஹாலால் துடையுங்கள். போகவில்லை என்றால், டிவி ரிமோட்டுக்கு விற்கும் கார்பன் பொட்டை ஒட்டுங்கள்.

டிவி

இந்தப் பெட்டிகளுக்குப் படக்குழாய் டிவிதான் வீடு. தமிழக அரசு 2006-ல் தொடங்கி வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒருவரே தூக்கலாம், மேசையில் அடங்கும். உங்கள் வீட்டிலேயே ஒன்று மூலையில் கிடந்தால் எடைக்குப் போட விடாதீர்கள். முன்னாலோ பின்னாலோ மஞ்சள், வெள்ளை ஏவி துளை இருந்தால் அதில் இணையுங்கள். ஆன்டெனா வழியை விடப் படம் தெளிவு. ஜப்பான் பெட்டி கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியில் பழுதில்லை. அது என்டிஎஸ்சி (NTSC) என்ற வண்ண முறையில் படம் தருகிறது, டிவி நம் நாட்டு பிஏஎல் (PAL) முறையில் நிற்கிறது; மெனுவில் ஆட்டோ என்று மாற்றுங்கள்.

எல்சிடி டிவியில் துப்பாக்கி வேலை செய்யாது. வாத்து சுடும் கேமில் விசையை அமுக்கும்போது திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் கண் அந்த ஒளியை அதே நேரத்தில் பிடிக்க வேண்டும். எல்சிடி படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் கண் தவறவிடுகிறது. துப்பாக்கி பழுது என்று தூக்கி எறிந்தவர்களிடம் இதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

படக்குழாய் டிவியின் பின்மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். குழாயில் 20,000 வோல்ட் அளவுக்கு ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். அது டிவி மெக்கானிக் வேலை.

பிளேஸ்டேஷன் 2, பிரிக் கேம்

மெலிந்த பிளேஸ்டேஷன் 2-க்கு வெளி அடாப்டர் 8.5 வோல்ட். எல்இடி பட்டிக்கு விற்கும் 12 வோல்ட் அடாப்டரை அதில் செருகாதீர்கள். அடியில் எஸ்சிபிஎச் 90000 (SCPH-90000) வரிசை மாடல் எண் இருந்தால் அதற்கு அடாப்டரே கிடையாது, சப்ளை உள்ளே. வாடகைக் கடையில் ஓடிய பெட்டி என்றால் லென்ஸ் களைத்திருக்கும், ஏனென்றால் நகல் டிஸ்க் ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் லேசர் அதிகம் உழைக்கும். திருப்பூர், சோமனூர்ப் பக்கத்துப் பெட்டிகளில் பஞ்சுத்தூசு பழைய கிரீஸோடு சேர்ந்து லென்ஸ் ஓடும் தண்டில் கெட்டியாகிவிடும். லேசரைக் குறை சொல்லும் முன் அதைத் துடைத்து வெள்ளை கிரீஸ் சிறிது தடவுங்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். ஊசித்துளை தெரிந்தால் விட்டுவிடுங்கள். சிடியில் தரவு லேபிளுக்கு அடியிலேயே இருப்பதால் அந்தப் பக்கக் கீறலுக்கு மருந்தில்லை.

பிரிக் கேமில் முதலில் பேட்டரி அறை. சாதாரண சிவப்பு, நீல பேட்டரி கசிவு அமிலத்தன்மை கொண்டது, சமையல் சோடாக் குழம்பு போதும். அல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் படிவுக்கு வினிகர். இரண்டிலும் கடைசியில் ஆல்கஹால். திரையில் கோடு விட்டுப்போனால் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் வரிக்கோட்டு ரப்பரை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் அழுத்தி வையுங்கள்.

மஞ்சள் படிந்த கூடு

போர்டைக் கழற்றிவிட்டு, சோப்பு போட்டு நல்ல தண்ணியில் கழுவுங்கள். போர் தண்ணியில் கழுவினால் உப்பு வெள்ளை படிந்து நிற்கும். மஞ்சள் போக சலூன்களுக்கு விற்கும் 40 வால்யூம் டெவலப்பர் கிரீம் வேண்டும். அதில் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. கையுறை போட்டு, சமமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப்புகாமல் சுற்றி வெயிலில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தாளின் மேல் தடவிக் கிரீமை நகர்த்துங்கள். ஓரிடம் காய்ந்தால் அங்கே வெள்ளைத் திட்டு விழும், அதைத் திருத்த முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் கடந்ததும் எடுத்துப் பாருங்கள். லேபிள் மேல் பட விடாதீர்கள். சில ஆண்டில் மஞ்சள் திரும்பவும் வரும், ஆகவே லேசான மஞ்சளை அப்படியே விடுவது மேல்.

எடுத்து வைப்பது

அட்டாலி வேண்டாம். மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும் இடம் அது. கீழ்த்தளத்து அலமாரியில், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு வீசும் மாதங்களில் பொட்டலத்தை மாற்றுங்கள். ஜாய்ஸ்டிக் ஒயரைப் பெட்டியைச் சுற்றிக் கட்டவே கூடாது, ஒயரின் மேலுறை கூட்டின் பிளாஸ்டிக்கை அரித்துக் கோடு போடும். ரப்பர் பேண்டும் உருகி ஒட்டும். பூச்சி வராமலிருக்க அந்துருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு; இங்கே போடாதீர்கள், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பல்லியும் எறும்பும் காற்றுத் துளை வழியாகத்தான் நுழைகின்றன, பெட்டி இறுக மூடியிருந்தால் போதும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து நோட்டில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு வாங்கியதாகச் சொன்னார்கள், எந்தக் கடை, அடாப்டரின் வோல்ட், முனை, மாற்றிய பாகம். '9999 இன் 1' கேசட்டைப் பட்டியல் முழுக்க ஓட்டிப் பார்த்து, உண்மையில் எத்தனை வேறு வேறு கேம் என்று குறியுங்கள். ஒரே கேம் வேக மாற்றத்தோடும் கட்ட மாற்றத்தோடும் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேசட்டோடு பொட்டலத்தில் போடுங்கள். கேசட் மேல் ஒட்ட வேண்டாம்.