மெயிலைத் திறக்காத முகவரிகளை நீக்கிவிடலாமா?

மாப்பிள்ளைச் சம்பாவோ நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ, டெல்டாவிலிருந்து வெளியூருக்கு விற்பவரா நீங்கள்? வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் பட்டியல் கையில் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

ஆறு மாதமாக எட்டியே பார்க்காத முகவரிகளைத் தனியாகப் பிரித்து, "இனியும் அனுப்பட்டுமா?" என்று ஒரே ஒரு மெயில் போடுங்கள். பதில் இல்லையா, நீக்கிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் அவர்களில் சிலர் எரிச்சலில் ஸ்பேம் என்று அழுத்தினால், ஆசையாகப் படிப்பவருக்கும் உங்கள் மெயில் போய்ச் சேராது. புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரத்துக்கு மூன்று பேர், அவ்வளவுதான்! விலகும் வழியையும் ஒளித்து வைக்காதீர்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் விளம்பர மெயில் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. சின்ன கடைக்கும் அது நல்லதே.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை முழுசாக நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிக்காத மெயிலையும் திறந்ததாகக் காட்டிவிடும். சொடுக்கு, பதில், ஆர்டர் இவற்றைப் பாருங்கள்.

அப்புறம், என்ன எழுதுவது? எப்போதும் தள்ளுபடியென்றால் யாருக்கும் சலிக்கும். "கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்று தலைப்பு வையுங்கள். துபாயில் இருக்கும் தஞ்சாவூர்க்காரர் திறக்காமல் இருப்பாரா? அரிசி வாங்கியவருக்கு அரிசிச் செய்தி, விளக்கு வாங்கியவருக்கு விளக்குச் செய்தி. கார்த்திகைக்கு முன்னால் மட்டும் எல்லோருக்கும் விளக்கு மெயில் போகலாம்.