என்.க்யூ.ஏ.எஸ். தரச்சான்று: அரசு மருத்துவமனை தயாராவது எப்படி

அரசு மருத்துவமனைகளில் தரச்சான்று என்ற பேச்சு வந்தால் அது பெரும்பாலும் என்.க்யூ.ஏ.எஸ். பற்றித்தான். மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் கொண்டுவந்த தேசியத் தர உறுதி நெறிமுறைகள் இவை. அமைச்சகத்தின் தொழில்நுட்பக் கையான என்.ஹெச்.எஸ்.ஆர்.சி. மதிப்பீட்டை நடத்துகிறது. தனியார் மருத்துவமனைகள் பெரிதும் நாடும் என்.ஏ.பி.ஹெச். வேறு வழி, இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் வாரியம் அதை வழங்குகிறது. இங்கே சொல்வது வட்ட, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தரப்பணியைக் கையில் எடுத்திருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்.

வேலையைத் தொடங்கும்போதே தேறுவதற்கான நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். பல இடங்களில் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். மருத்துவமனையின் மொத்த மதிப்பெண் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதோடு ஒவ்வொரு துறையும் தனித்தனியாக 70 எடுக்க வேண்டும். எட்டுப் பெரும்பகுதிகள் ஒவ்வொன்றிலும் 70 வேண்டும்: சேவை வழங்கல், நோயாளர் உரிமை, உள்ளீடுகள், துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, விளைவுகள். இந்தப் பகுதிகளுக்குள் அடங்கும் ஒவ்வொரு நெறியிலும் குறைந்தது 50 வேண்டும். தாய்சேய் நலச் சேவைகளுக்கான ஏ2, நோயாளியின் கைச்செலவைப் பற்றிய பி5, உரிமங்களைப் பற்றிய டி10 என்ற மூன்று நெறிகளுக்குத் தனிக் கீழ்வரம்பு உண்டு. நோயாளர் திருப்தி மதிப்பெண்ணுக்கும் உண்டு.

ஆகவே சராசரி உங்களைக் காப்பாற்றாது. பிரசவ அறை 92 வாங்கினாலும் பிணவறை 61இல் நின்றால் முழுச் சான்று கிடைக்காது. உழைப்பை எங்கே போடுவது என்பதை இந்த ஒரு கணக்கே தீர்மானிக்க வேண்டும். நன்றாக இருக்கும் துறையை இன்னும் மெருகேற்றுவதில் நாளைக் கழிக்காதீர்கள். அடிமட்டத்தில் இருக்கும் துறையிலிருந்து மேலே வாருங்கள்.

எப்போதும் அடிமட்டத்தில் இருப்பவை, பொறுப்பேற்க ஆள் இல்லாத துறைகள். சமையலறை, சலவை, காவல், மருத்துவப் பதிவேட்டு அறை எல்லாம் சேர்ந்த துணைச் சேவைகள், பிணவறை, பொது நிர்வாகம். சிகிச்சைத் துறைக்கு ஒரு மருத்துவரும் பொறுப்புச் செவிலியரும் இருப்பார்கள். சலவைக்கு யார்? தரக்குழு கூடும் முதல் நாளே இந்தத் துறைகளுக்குப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை எழுத்தில் நியமியுங்கள்.

மதிப்பெண் போடும் முறை

ஒவ்வொரு துறைக்கும் ஒரு செக்லிஸ்ட் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 6, சமுதாய சுகாதார நிலையத்துக்கு 12. மாவட்ட மருத்துவமனைக்கு இன்னும் அதிகம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் முழுமையாக இருந்தால் 2, பாதி இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஒரு துறைக்கு 200 புள்ளிகள் என்றால் மொத்தம் 400 மதிப்பெண்; 280 எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். நிறையப் புள்ளிகள் உள்ள நெறியில் நாலைந்து பூஜ்யம் விழுந்தாலும் தாங்கும். நான்கே புள்ளிகள் உள்ள சிறிய நெறியில் மொத்தமே 8 மதிப்பெண். ஒன்றில் 2, இன்னொன்றில் 1, மற்ற இரண்டில் பூஜ்யம் என்றால் 8க்கு 3, அதாவது 37.5 சதவீதம். அந்த நெறி 50ஐத் தொடாது. ஒரு நிபந்தனை அங்கேயே உடைகிறது. எக்செல் தாளில் துறையின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நெறிவாரியான பத்தியைத் திறந்து 50க்குக் கீழே இருப்பதை எல்லாம் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கு எதிரிலும் அதை எப்படிச் சரிபார்ப்பார்கள் என்றும் எழுதியிருக்கும். கண்ணால் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் பார்ப்பது, நோயாளியிடம் கேட்பது என நான்கு வழிகள். பதிவேட்டில் அழகாக இருப்பதைத் தூய்மைப் பணியாளர் சொல்லத் தெரியாமல் நின்றால் மதிப்பெண் போகும். ஆகவே உங்கள் உள் மதிப்பீட்டையும் அதே வழியில் செய்யுங்கள். ஊழியரைக் கேட்கச் சொன்ன இடத்தில் ஃபைலைப் பார்த்து 2 போட்டுக்கொண்டால் உள் மதிப்பீட்டில் 85, வெளி மதிப்பீட்டில் 66 என்று வந்து நிற்கும். ஒரு துறையை அந்தத் துறைக்காரர் மதிப்பிடக் கூடாது. பிரசவ அறைச் செவிலியர் ஆய்வகத்தையும், ஆய்வக நுட்புநர் மருந்தகத்தையும் பார்க்கட்டும்.

குறைகளைப் பிரிக்கும் விதம்

முதல் மதிப்பீட்டில் நூற்றுக்கணக்கில் குறைகள் வரும். பயப்பட வேண்டாம். காசே தேவைப்படாதவை ஒரு குவியல்: பதிவேடு, பயிற்சி, அறிவிப்புப் பலகையின் இடம், பொருட்களை அடுக்கும் முறை. நோயாளர் நலச் சங்க நிதியில் வாங்கிவிடக் கூடியவை இன்னொன்று: திரைச்சீலை, மூடியுள்ள வாளி, வெப்பமானி. பொதுப்பணித் துறையோ இயக்ககமோ செய்ய வேண்டியவை மூன்றாவது: சாய்வுத் தளம், மாற்றுத்திறனாளிக்கான கழிப்பறை, அறுவை அரங்கின் காற்றோட்டம், காலிப் பணியிடம்.

மூன்றாவது குவியலுக்கான கடிதங்கள் முதல் வாரமே இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவை முடிய மாதக்கணக்கில் ஆகும். காசில்லாமல் முடிவதைத் தொடங்கிவிட்டுப் பெரியதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தால், கடைசியில் எல்லாம் தயாராகி ஒரு சாய்வுத் தளத்துக்காகக் காத்திருப்பீர்கள். முதல் காசைப் பெயின்டுக்குச் செலவழிக்கும் பழக்கமும் வேண்டாம். சுவருக்கு விழும் மதிப்பெண் சொற்பம்.

மருத்துவமனைத் தூய்மைக்குத் தரப்படும் காயகல்ப் விருதுக்கான தயாரிப்பை ஏற்கெனவே செய்திருந்தால் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் பாதி வேலை முடிந்த மாதிரி. மகப்பேறு நிறைய நடக்கும் இடங்களில் பிரசவச் சேவையின் தரத்தை உயர்த்தும் லக்ஷ்யா திட்டத்தை முதலில் முடிப்பது நல்ல வழி. பிரசவ அறை, மகப்பேறு அறுவை அரங்கு இரண்டை மட்டும் எடுத்துப் பழகினால், குழுவுக்குச் செக்லிஸ்டின் மொழி பிடிபட்டுவிடும்.

உரிமங்கள்

டி10 என்பது சட்டப்படி இருக்க வேண்டிய உரிமங்கள், அனுமதிகள் பற்றிய நெறி. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அங்கீகாரம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஸ்கேன் அறைக்கு, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படியான பதிவு, ரத்த வங்கி உரிமம், மின்தூக்கி உரிமம் என்று நீளும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, முடியும் தேதியைப் பக்கத்தில் போட்டு, மூன்று மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அனுப்பும் பொறுப்பை அலுவலகத்தில் ஒருவருக்குக் கொடுங்கள். விண்ணப்பித்த ரசீதையும் கோப்பில் வையுங்கள்.

எக்ஸ்ரே அறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஈய ஏப்ரன் மடித்து நாற்காலியில் போட்டிருக்கிறதா? மடித்தால் உள்ளே ஈயத்தாள் விரிசல் விடும், கதிர் கசியும். அகலமான ஹேங்கரில் தொங்க வேண்டும். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் நுட்புநரின் சட்டையில் இருக்க வேண்டும், மேசை டிராயரில் இருந்தால் அது அளப்பது டிராயரைத்தான். ஸ்கேன் அறையில், பாலினம் அறிவிப்பது தண்டனைக்குரியது என்ற பலகை தமிழிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

நோயாளி சொல்லும் பதில்

பி5 என்பது நோயாளி கைக்காசு செலவழிக்காமல் இருக்கிறாரா என்பது. இதை மதிப்பீட்டாளர் கட்டில் பக்கத்தில் நின்று கேட்பார். “மருந்து ஏதாவது வெளியில வாங்கச் சொன்னாங்களாம்மா?” “பிரசவத்துக்கு யாராவது காசு கேட்டாங்களா?” இதற்கு எந்தக் கோப்பும் பதிலாகாது. வெளியே வாங்கச் சொல்லும் மருந்துச் சீட்டு ஏன் எழுதப்படுகிறது என்று மருந்தகத்தில் வாராவாரம் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து வரும் மருந்து தீர்ந்து, உள்ளூர்க் கொள்முதல் தாமதமானால் அதன் சுமை நோயாளி தலையில் விழுகிறது. இருப்பு எந்த அளவுக்கு இறங்கினால் அடுத்த கேட்பு போக வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண் எழுதி வையுங்கள்.

திருப்திக் கணக்கெடுப்பை மாதம் 30 புறநோயாளிகள், 30 உள்நோயாளிகள் என்று நடத்துங்கள். படிவத்தை அந்த வார்டில் வேலை செய்பவரே நிரப்பச் சொன்னால் எல்லாம் ‘மிக நன்று’ என்றுதான் வரும். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. வேறு துறை ஆள் கேட்கட்டும். மதிப்பெண் குறைந்த மூன்று கேள்விகளை எடுத்து என்ன செய்தோம் என்று எழுதினால், அது தர மேலாண்மைப் பகுதியிலும் மதிப்பெண் தரும்.

தொற்றுக் கட்டுப்பாடு

அதிகம் கேள்வி கேட்கப்படும் ஆள் தூய்மைப் பணியாளர். ரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள், கிருமிநாசினியான ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) எப்படிக் கலப்பீர்கள் என்பவை நிச்சயக் கேள்விகள். ஒரு சதவீதக் கரைசல் வேண்டும்; கேனில் உள்ளது 5 சதவீதம் என்றால் ஒரு மக் ஹைப்போவுக்கு நாலு மக் தண்ணீர்; 10 சதவீதம் என்றால் ஒன்றுக்கு ஒன்பது. அன்றன்று புதிதாகக் கலந்து மூடி வைக்க வேண்டும், வெயிலிலும் திறந்த வாளியிலும் குளோரின் போய்விடும். கேன் மாறும்போது சதவீதம் மாறுவதைக் கவனிக்காமல் பழைய அளவிலேயே கலப்பது எங்கும் நடக்கும் தவறு. பணியாளர் பயன்படுத்தும் அதே மக்கின் படத்தைப் போட்டுக் கலக்கும் இடத்தில் ஒட்டுங்கள்; பயிற்சி வகுப்பைவிட அது நிற்கும்.

கழிவுக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். 2016 விதிகள்படி பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஊசி போடும் வெள்ளை டப்பா முக்கால் பாகம் நிரம்பியதும் மூடப்பட வேண்டும். ஊசி குத்திக்கொண்டால் யாரிடம் போவது, மருந்து எங்கே இருக்கிறது என்பது இரவுப் பணியில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மருந்து பூட்டிய அலமாரியில் இருந்து சாவி பகல் பணிக்காரரோடு வீட்டுக்குப் போனால் செய்முறையை எழுதி வைத்த எந்த எஸ்.ஓ.பி.யும் உதவாது.

குளிர்பெட்டிப் பதிவேட்டில் வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க ஒரே பேனாவில், எல்லா நாளும் 4 டிகிரி என்று இருந்தால் மதிப்பீட்டாளருக்கு உடனே புரியும். சில இடங்களில் நாளைய பத்தியும் நிரம்பியிருக்கும்! ஒன்பது டிகிரி ஏறிய நாளில் ஒன்பது என்றே எழுதி, என்ன செய்தோம் என்றும் எழுதியிருந்தால் அது குறையல்ல, நல்ல பதிவு.

விண்ணப்பமும் மதிப்பீடும்

எஸ்.ஓ.பி.யை வேறு மருத்துவமனையிலிருந்து வாங்கிப் பெயரை மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். அதில் இருக்கும் ‘மைய கிருமிநீக்கப் பிரிவு’ உங்களிடம் இல்லாவிட்டால் கேள்வி அங்கேயே பிறக்கும். நீங்கள் செய்வதை எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள்.

தேசிய மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தோடு உள் மதிப்பீடு, மாநில மதிப்பீடு இரண்டின் மதிப்பெண்கள், எஸ்.ஓ.பி.கள், கொள்கைகள், நோயாளர் திருப்தி அறிக்கை, செயல்திறன் குறியீடுகள் போக வேண்டும். மாவட்ட மருத்துவமனைக்குக் குறியீடுகள் 30. அவற்றோடு மருந்துச் சீட்டுத் தணிக்கை, இறப்புத் தணிக்கை, தரக்குழுக் கூட்டக் குறிப்பு ஆகியவையும் மூன்று மாதத்துக்கேனும் தொடர்ச்சியாக இருக்கும்படி, அந்த மூன்று மாதத்தையும் கழித்துத்தான் விண்ணப்பத் தேதியைக் குறிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் மாநில மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். அதில் தேறிய பிறகே தேசிய மதிப்பீடு.

மதிப்பீட்டு நாளில் பூங்கொத்து, பேனர், வரவேற்பு வேண்டாம். துறைப் பொறுப்பாளர் மட்டும் உடன் போகட்டும். ஊழியரிடம் கேட்ட கேள்விக்கு மருத்துவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அது கணக்கில் வராது. பதில் தெரியாத ஊழியர் ‘எஸ்.ஓ.பி. இங்கே இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்’ என்று எடுத்துக் காட்டினால் ஊகமாகச் சொல்வதைவிட மேல்.

எல்லா நிபந்தனையும் நிறைவேறாமல் மொத்த மதிப்பெண் மட்டும் தேறினால் நிபந்தனையோடு சான்று கிடைக்க வாய்ப்புண்டு. சொன்ன குறைகளைக் காலக்கெடுவுக்குள் மூடி ஆதாரம் அனுப்ப வேண்டும்.

சான்று கிடைத்த பிறகு

சான்று மூன்று ஆண்டுக்கு. இடையில் மாநிலக் குழு ஆண்டுதோறும் வந்து பார்க்கும். தேறிய மாவட்ட மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதில் 25 சதவீதம் ஊழியர்களுக்கு, மீதி மருத்துவமனை மேம்பாட்டுக்கு. இதைத் தூய்மைப் பணியாளர், பாதுகாவலர் உட்பட எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இந்த மூன்றாண்டில் மதிப்பெண்ணைக் கீழே இழுப்பது கட்டடம் அல்ல, இடமாற்றம். கவுன்சலிங் முடிந்து பயிற்சி பெற்ற செவிலியர் பாதிப் பேர் போய்விட்டால், வார்டின் ஞாபகமும் அவர்களோடு போகிறது. புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரத்திலேயே கை கழுவும் முறை, கழிவுப் பிரிப்பு, அவசர ட்ராலி, தீயணைப்பான் நான்கையும் செய்துகாட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் மாறும்போதும் இதேதான். ஒப்பந்ததாரருக்குப் போகும் வருகைச் சான்றோடு இந்தத் தாளையும் இணைத்தால் விடுபடாது. மறுசான்றுக்கான உள் மதிப்பீட்டைக் காலாவதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.